முல்லர் குடிலில் ஓர் இரவு: கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

நியூசிலாந்து மலையொன்றின் மேல் இருக்கும் முல்லர் குடிலுக்குத் தேதி குறிக்கிறவர்களில் பலர் ஓர் இரவுக்குப் படுக்கையைப் பதிவு செய்துவிட்டு, மறுநாள் மாலைக்கே கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து விமானச் சீட்டும் வாங்கிவிடுகிறார்கள். பின்னால் எடுக்கப்படும் தப்பான முடிவுகளுக்கெல்லாம் வேர் இதுதான். காற்று வலுக்கிறது என்று தெரிந்தும் ஏறுவது, மேகம் இறங்கிய பிறகும் பாறைகளுக்கு நடுவே வழி தேடுவது, இரவில் உறைந்த பனி இளகும் முன்பே அவசரமாக இறங்குவது என்று எதை எடுத்தாலும் அதன் பின்னால் "ஃப்ளைட்டைப் பிடிக்கணும்" என்ற நெருக்கடி இருக்கும். ஆகவே படுக்கைக்கு முன்னால் உபரி நாளைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஏறுவதற்கு முந்தைய இரவு அடிவாரத்தில், அடுத்த இரவு மேலே, அதற்குப் பிறகு ஊர் திரும்பும் முன் முழுதாக ஒரு நாள் காலி. இந்த அளவு நேரம் கையில் இல்லையென்றால் பாதி வழியில் இருக்கும் சீலி டார்ன்ஸ் சுனைகள் வரை ஏறி அன்றே இறங்கிவிடுங்கள். அதுவே நிறைவான நடை.

இடத்தைத் தெரியாதவர்களுக்கு: நியூசிலாந்தின் தென்தீவில் அவோராக்கி மவுண்ட் குக் தேசியப் பூங்காவுக்குள், சீலி மலைத்தொடரின் மேல் 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தச் சிவப்புக் கட்டடம். 28 படுக்கைகள். அடிவாரக் கிராமம் ஏறக்குறைய 750 மீட்டரில் இருக்கிறது. ஒரு வழித் தூரம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். குடிலின் பின்னால் நிற்கும் ஆலிவியர் சிகரம் 1933 மீட்டர். எட்மண்ட் ஹிலாரி 1939இல் ஏறிய முதல் பெரிய மலை அது. இந்தப் பெயரில் கட்டப்பட்ட ஐந்தாவது கட்டடம்தான் இப்போதிருப்பது. 2003இல் அதைத் திறந்துவைத்தவரும் ஹிலாரிதான்.

காற்றுதான் தேதியைத் தீர்மானிக்கும்

இங்கே வானிலை மாறுவதற்கு ஒரு வரிசை உண்டு. மேற்கே டாஸ்மன் கடல். அங்கிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் வடமேற்குக் காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலைகளில் முட்டி மேலெழும்பும்போது குளிர்ந்து, கொட்டித் தீர்க்கிறது. முல்லர் இருப்பது மலைமுதுகை ஒட்டி என்பதால் அந்த மழையும் காற்றும் நேராக அதன் மேல் வந்து விழும். இந்தக் கட்டத்தில் காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். அதை நம்பி மெல்லிய சட்டையோடு ஏறுகிறவர்கள் உண்டு. ஆனால் அதற்கு அடுத்து வருவது தெற்குக் காற்று. அண்டார்டிகா பக்கத்திலிருந்து வரும் அந்தக் காற்று சில மணி நேரத்தில் வெப்பநிலையைப் பல டிகிரி கீழே இறக்கிவிடும். நனைந்த உடம்பு, பலத்த காற்று, இறங்கும் குளிர் என மூன்றும் ஒன்றுசேரும் அந்த நேரம்தான் ஆபத்து. ஜனவரியில்கூடக் குடில் இருக்கும் உயரத்தில் பனி விழும். டிசம்பர், ஜனவரி என்றால் கோடைதானே என்று கையுறையும் கம்பளிக் குல்லாவும் இல்லாமல் போகாதீர்கள்.

முன்னறிவிப்பைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கைபேசியில் வரும் பொதுவான வானிலைச் செயலி கிராமத்தின் நிலவரத்தைச் சொல்லும். ஆயிரம் மீட்டர் மேலே நடப்பதைச் சொல்லாது. நியூசிலாந்தின் வானிலைச் சேவையான மெட்சர்வீஸ் இந்தப் பூங்காவுக்கென்றே மலை முன்னறிவிப்பு தருகிறது. அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம். குடில் 1800இல் இருப்பதால் அந்த வரிதான் உங்களுக்கு நெருக்கமானது. இரண்டாவது, உறைநிலை உயரம், அதாவது வெப்பநிலை பூஜ்யம் டிகிரியாகும் உயரம். அது 1800க்குக் கீழே இறங்குகிறது என்றால் மேல்பாதிப் பாறைகளில் பனிக்கட்டி படிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மழை எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பது. "நாளை மழை" என்பது போதாது; மதியத்துக்கு முன்பா, பின்பா என்பதில்தான் உங்கள் இறக்கம் இருக்கிறது.

என் அளவுகோல் கறாரானது. 2000 மீட்டரில் காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் ஏற வேண்டாம். பெரிய முதுகுப்பையோடு திறந்த சரிவில் அந்தக் காற்று ஆளைத் தள்ளிவிடும். ஏறும் நாள் நன்றாக இருந்து இறங்கும் நாள் மோசம் என்றாலும் ஏற வேண்டாம், அல்லது உபரி நாளைப் பயன்படுத்தித் தேதியை மாற்றுங்கள். ஏறும் நாளின் வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. வடமேற்குக் காற்று வருவதற்கு முந்தின காலை பெரும்பாலும் வெயிலாகத்தான் இருக்கும். சிகரங்களுக்கு மேலே வில்லை வடிவத்தில் வழவழப்பான மேகங்கள் அசையாமல் நின்றால், மேலே காற்று ஏற்கனவே பலமாகிவிட்டது என்று அர்த்தம்.

மாதம்? முதல் முறை போகிறவர்களுக்கு ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை என்பேன். நவம்பரிலும் சில ஆண்டுகளில் டிசம்பர் தொடக்கத்திலும் மேல்பாதியில் பனி கிடக்கும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இந்த வழி பனிச்சரிவு விழும் பாதைகளைக் கடந்துதான் போகிறது. கிராம்பான் (காலணியில் மாட்டும் பனி முட்கள்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் பனிச்சரிவு நிலவரத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் மட்டுமே அப்போது போக வேண்டும். வாடகைக்குக் கிராம்பான் கிடைக்கிறது என்பதற்காகப் போய்விட முடியாது. ஏப்ரலில் வானம் தெளிவாக இருந்தாலும் பகல் சுருங்கிவிடும். டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுவதால், அந்த மாதக் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

பதிவும் சீட்டும்

நியூசிலாந்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950க்கு மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. அந்தத் துறையை எல்லோரும் "டாக்" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலான குடில்களில் பதிவே கிடையாது. முன்கூட்டி வாங்கிய குடில் சீட்டையோ ஆறு மாத அல்லது ஓராண்டு பாஸையோ வைத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் வந்தவருக்குப் படுக்கை. சீட்டு இருப்பதால் படுக்கை உறுதி என்று நினைக்கக் கூடாது. முல்லர் இதில் விதிவிலக்கு. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரையிலான பருவத்தில் டாக் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம். அந்த மாதங்களில் பாஸ் இருக்கிறது என்று வந்து நின்றால் இடம் தர மாட்டார்கள். சனிக்கிழமை இரவுகளும் கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களும் சீக்கிரமே நிரம்பிவிடும். வார நாட்களில் தேடுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். அந்தத் தொகை போனாலும் பரவாயில்லை என்ற மனநிலையோடு பதிவு செய்வதுதான் பாதுகாப்பு. ஓர் இரவுக் கட்டணத்தைக் காப்பாற்றப் போய் மலையில் மாட்டிக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

பதிவு இருந்தாலும் நேராக மலைக்குப் போகக் கூடாது. கிராமத்தில் இருக்கும் டாக் பார்வையாளர் மையத்தில் வந்துவிட்டதாகச் சொல்லிப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேயே அன்றைய வழி நிலவரத்தையும் கேளுங்கள்: மேலே பனி எங்கே தொடங்குகிறது, பாறைச் சரிவில் தடம் தெரிகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா. இந்த மூன்று கேள்விக்கும் அவர்களிடம் அன்று காலை வந்த பதில் இருக்கும். மையம் மாலையில் சீக்கிரம் மூடிவிடும் என்பதால், காலையிலேயே ஏறத் திட்டமிடுகிறவர்கள் முந்தின நாள் மூடுவதற்குள் கிராமத்துக்கு வந்துவிடுவது நல்லது.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர்; நிற்காமல் ஓட்டினாலே நாலரை மணி நேரம் ஆகும். குயின்ஸ்டவுனிலிருந்து அதைவிடக் கொஞ்சம் குறைவு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கடைசி 55 கிலோமீட்டர் புகாக்கி ஏரிக்கரையோரமாகப் போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலைதான், அது கிராமத்தோடு முடிந்துவிடும். மளிகை, பெட்ரோல், கேஸ் எல்லாவற்றையும் பக்கத்து ஊரான ட்வைசலிலேயே முடித்துவிடுங்கள். கிராமத்தில் நினைத்த பொருள் கிடைக்காது.

வழி

நடை தொடங்குவது ஒயிட் ஹார்ஸ் ஹில் வண்டி நிறுத்தத்தில். கொஞ்ச தூரம் கியா பாயின்ட் பாதையில் போய், பிறகு சீலி டார்ன்ஸுக்குப் பிரியும் படிகளில் ஏற வேண்டும். 2200 படிகள். ஒரே சீராக இல்லாத மரப்படிகள். சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். முதல் ஐந்நூறு படியில் வேகம் காட்டுகிறவர்கள் மேல்பாதியில் தள்ளாடுவார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். நிழலே கிடையாது. நியூசிலாந்து வெயிலில் புறஊதாக் கதிர் கடுமை. குளிர்ந்த காற்றில் தோல் கருகுவதே தெரியாது. சன்ஸ்க்ரீன், தொப்பி, கறுப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். மேலே பனி கிடந்தால் கண்ணாடி இல்லாமல் நடக்கவே கூடாது. சுனை நீரைக் குடிநீராக நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் அடிவாரத்திலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

சுனைகளோடு சீரமைத்த பாதை முடிகிறது. அதற்கு மேலே இருப்பதை வழி என்று சொல்லலாம், பாதை என்று சொல்ல முடியாது. புல் திட்டுகள், அப்புறம் பெரிய பாறைக் குவியல், அப்புறம் காலை வைத்தால் வழுக்கும் சரளைச் சரிவு. ஆரஞ்சு நிறக் கம்பங்கள்தான் துணை. ஒரு கம்பத்தில் நின்று அடுத்த கம்பம் கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும். அடுத்தது தெரியவில்லையென்றால் நின்ற இடத்திலேயே காத்திருங்கள். மேகம் விலகவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சரளைச் சரிவின் உச்சியில் மலைவிளிம்பை எட்டியதும் வழி இடது பக்கம் திரும்பும். அங்கிருந்து இருபது நிமிடம், அரை மணி நேரத்தில் குடில். இந்தத் திருப்பத்தில்தான் மூடுபனியில் ஆட்கள் தவறிப்போவார்கள். விளிம்பைத் தாண்டி நேராகப் போனால் மறுபக்கம் முல்லர் பனியாற்றை நோக்கி மலை செங்குத்தாக விழுகிறது. வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிவைத்துக்கொள்வதோடு டோப்போ50 காகித வரைபடம் ஒன்றும் கையில் இருக்கட்டும். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். கைபேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

ஏறுவதற்கு நான்கு மணி நேரம் என்பது பழகியவர்களுக்கான கணக்கு. பழக்கமில்லாதவர்களும் கனமான பையும் என்றால் ஐந்தரை, ஆறு. காலை ஒன்பது மணிக்குள் கிளம்புங்கள். மதியம் ஒரு மணிக்குள் சுனைகளைத் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுவது என்று கீழேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லாத ஆள் கிடையாது.

இறக்கம் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த 2200 படிகளில் முழங்கால்தான் முழுச் சுமையையும் வாங்கும். இரண்டு நடைக்கோல்கள் இருந்தால் வித்தியாசம் தெரியும். இரவில் உறைந்த பனித்திட்டுகள் சரிவில் இருந்தால் வெயில் பட்டு மேற்பரப்பு இளகும் வரை, ஒன்பது பத்து மணி வரைகூட, குடிலிலேயே காத்திருங்கள்.

குடிலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

மெத்தை இருக்கிறது. தலையணை, போர்வை கிடையாது. பருவ காலத்தில் கேஸ் அடுப்பு இருக்கும். பாத்திரம், தட்டு, டம்ளர், கரண்டி எதுவும் இருக்காது. மழைநீர்த் தொட்டி இருக்கிறது; அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதே நல்லது. கழிப்பறை வெளியே தனியாக இருக்கும். டாய்லெட் பேப்பரும் கை சுத்திகரிப்பானும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். குப்பைத் தொட்டி கிடையாது. நீங்கள் கொண்டுபோன எல்லாமே, தேயிலைத் தூள் வரை, உங்கள் பையிலேயே இறங்க வேண்டும். அதற்கென்று கெட்டியான ஒரு பிளாஸ்டிக் பை தனியாக வையுங்கள். கட்டடத்தில் கணப்பு கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. குடில் என்றதும் விறகு எரியும் படம் மனதில் வந்துவிடுகிறது. இங்கே வெப்பம் என்பது உள்ளே இருக்கும் மனிதர்களும் சமைக்கும் அடுப்பும் தருவது மட்டுமே. ஸ்லீப்பிங் பேக்கின் மேலுறையில் எழுதியிருக்கும் "கம்ஃபர்ட்" அளவு பூஜ்யம் டிகிரியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். "எக்ஸ்ட்ரீம்" என்று பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அது உயிர் பிழைப்பதற்கான அளவு, தூங்குவதற்கானது அல்ல.

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ், டீ-ஷர்ட், பருத்தி உள்ளாடை எல்லாமே நனைந்தால் காய மறுத்து உடம்புச் சூட்டை உறிஞ்சும். மெரினோ கம்பளியோ பாலிப்ரோப்பிலீனோ உடம்போடு ஒட்டி ஒரு அடுக்கு, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் தலைமூடியுள்ள மழைக்கோட்டு, கூடவே மழைக்கால்சட்டை. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காலுறையும் ஒரு மேல்சட்டையும் தனியாகக் கட்டி வைத்து, என்ன ஆனாலும் பகலில் அதைத் தொடாமல் இருங்கள். முதுகுப்பைக்கு மேலே மாட்டும் மழையுறையை இந்தக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதற்குப் பதில் பைக்குள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

சாப்பாடு

1800 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு அங்கே வேகாது. அரிசியும் கேஸைத் தின்றுகொண்டு நடுவில் கல்லாகவே இருக்கும். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடினால் போதும் என்ற வகைதான் சரி. நம் சமையலில் அதற்கு வழி இருக்கிறது. ஒரு கப் ரவைக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், முந்திரி எல்லாம் கீழேயே தாளித்து, ரவையை அதிலேயே நன்றாக வறுத்து, உப்பும் சேர்த்து ஆறவைத்துப் பையில் கட்டிவிடுங்கள். மேலே போய் இரண்டரை கப் கொதிநீரில் கொட்டிக் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் உப்புமா. ரவையைச் சிவக்க வறுக்காவிட்டால் கட்டி தட்டும். மெல்லிய அவல் இன்னும் சுலபம். சூடான தண்ணீரை அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மூன்று நிமிடம் கழித்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஒரு முழு இரவுச் சாப்பாடு. தண்ணீர் அதிகமானால் கூழாகிவிடும்.

குடிலுக்குள் தாளிக்க வேண்டாம். 28 பேர் படுக்கும் மூடிய கட்டடத்தில் மிளகாய் நெடி ஏறினால் எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே குளிரில் நிற்க நேரிடும். எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரத்தைக் கழுவ அங்கே வெந்நீரும் கிடையாது. சமைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.

அளவு: ஆளுக்கு இரவு 150 கிராம், காலை 100 கிராம் உலர் உணவு, நடைக்குக் கடலைமிட்டாயும் பேரீச்சையும் வறுத்த பருப்புமாக 200 கிராம். இதோடு உபரியாக இன்னொரு இரவுச் சாப்பாடு. அதைச் சாப்பிடாமலே கீழே கொண்டுவருவதுதான் வழக்கம், இருந்தாலும் எடுத்துப் போங்கள். பருவத்துக்கு வெளியே போகிறவர்களும் அடுப்பு இல்லாத மற்ற குடில்களுக்குப் போகிறவர்களும் சொந்த அடுப்பு கொண்டுபோக வேண்டும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கப் 15 கிராம் கேஸ் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு ஆறு லிட்டர், 90 கிராம். 230 கிராம் உருளை ஒன்று உபரி நாளையும் தாங்கும். வெறும் பியூட்டேன் உருளை வேண்டாம். பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போது அது ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். விமானத்தில் உருளையை எந்தப் பையிலும் அனுமதிக்க மாட்டார்கள். நியூசிலாந்தில் இறங்கிய பிறகுதான் வாங்க முடியும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. நியூசிலாந்துக்குள் நுழைய நிரப்பும் பயணி அறிவிப்பில் உணவுப்பொருளையும் பயன்படுத்திய மலையேற்றக் காலணியையும் கூடாரத்தையும் அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். காலணியின் அடிப்பள்ளங்களில் ஊர் மண்ணும் விதையும் இல்லாமல் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் கொண்டுவாருங்கள். பொடி, கறிவேப்பிலை, விதை வகைகளைச் சென்னையிலிருந்து சுமப்பதைவிட கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் இந்திய மளிகைக் கடைகளில் ரவையும் அவலும் வாங்கிவிடுவது நிம்மதி.

உள்ளே இருக்கும்போது

காலணியை முன்னறையில் கழற்றுங்கள், ஆனால் வெளியே வைக்காதீர்கள். கியா என்ற மலைக்கிளி இந்தப் பகுதியில் உண்டு. அதன் வளைந்த அலகு காலணி நாக்கு, நடைக்கோல் பட்டை, பையின் ஜிப் எதையும் விடாது. ஒரு காலணியோடு 2200 படி இறங்க முடியாது. அழகாக இருக்கிறதே என்று தீனி போடவும் கூடாது. மனிதர் கொடுக்கும் தீனிக்குப் பழகிய கியா கட்டடங்களையும் வண்டிகளையும் சுற்றத் தொடங்கி, ஈயம் போன்றவற்றைக் கொத்தித் தின்று சாகிறது. ஏற்கனவே அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை அது.

காலையில் சீக்கிரம் கிளம்புகிறவர்கள் இரவே பையைக் கட்டிப் படுக்கை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குப் பிளாஸ்டிக் பை சலசலப்பதுபோல எல்லோரையும் எழுப்புவது வேறெதுவும் கிடையாது. தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதைப் போடுங்கள். காதடைப்பான் ஒரு ஜோடி, உள்ளே போட லேசான செருப்பு ஒரு ஜோடி.

வந்ததும் குடில் பதிவேட்டில் எழுதுங்கள்: பெயர்கள், எத்தனை பேர், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே, எப்போது. தங்காமல் கடந்து போனாலும் எழுத வேண்டும். தேடல் குழு முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். பருவ காலத்தில் குடில் காப்பாளர் இருப்பார். மாலையில் வானொலியில் வரும் மறுநாள் முன்னறிவிப்பை அவர் வாசிப்பார். அந்த நேரத்தில் சமையலை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நீங்கள் கீழே பார்த்துவிட்டு வந்த முன்னறிவிப்பு அதற்குள் மாறியிருக்கலாம்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போவது

குடிலில் கைபேசிச் சிக்னல் கிடையாது. பி.எல்.பி. எனப்படும் அவசர ஒளிபரப்பி ஒன்று வாடகைக்கு எடுங்கள். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். எடுக்கும்போதே பேட்டரி காலாவதித் தேதியைப் பாருங்கள், ஆன்டெனாவை எப்படி நீட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வானம் தெரியும் இடத்தில் வைத்து இயக்கிவிட்டு, அணைக்காமல், அந்த இடத்தைவிட்டு நகராமல் இருக்க வேண்டும். அதைப் பையின் அடியில் வைக்காதீர்கள். மார்புப் பட்டையிலோ சட்டைப் பையிலோ இருக்கட்டும். விழுந்து பை தனியாக உருண்டு போனவருக்கும் அது கைக்கு எட்ட வேண்டும்.

கீழே நம்பிக்கையான ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்: போகிறவர்களின் பெயர், வழி, வண்டி எண், பி.எல்.பி. இருக்கிறதா, திரும்பும் நேரம். இவை தவிர இன்னொரு நேரமும் வேண்டும். "புதன் மாலை 4 மணிக்கு இறங்கிவிடுவோம். இரவு 8 மணி வரை தகவல் இல்லையென்றால் 111ஐ அழைத்துக் காவல்துறையிடம் சொல்லுங்கள்" என்ற அளவுக்குத் தெளிவாக. நேரம் குறிக்காமல் "லேட்டானா பாத்துக்கோங்க" என்று சொன்னால் அந்த மனிதர் விடிய விடியத் தவிப்பாரே தவிர யாரையும் கூப்பிட மாட்டார். இந்தப் பொறுப்பை மதுரையில் இருக்கும் அப்பாவிடமோ அக்காவிடமோ கொடுக்க வேண்டாம். கோடையில் நியூசிலாந்து ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து 111ஐ அழைத்தால் நியூசிலாந்துக் காவல்துறைக்குப் போகாது. நியூசிலாந்துக்குள் இருக்கும் நண்பர், அல்லது நீங்கள் தங்கும் விடுதியின் வரவேற்பில் இருப்பவர் என்றால் சரி. முதலில் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகு காகிதத்தைக் கொடுங்கள்.

வண்டி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்ததும், காலணியைக் கழற்றும் முன்பே அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். பலர் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்து அனுப்புகிறார்கள். அதற்குள் குறித்த நேரம் கடந்து, ஆபத்தில்லாத ஆட்களைத் தேடி ஒரு குழு மலைக்குக் கிளம்பியிருக்கும்.